ஜெசிந்தாவை யாரும் முடித்து வைக்க வேண்டாம்

செய்தி வந்தபோது ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். நம் ஓவியர் குழுவின் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்திருந்தது. வெள்ளை உடை, தலைக்குப் பின்னால் ஒளி, சாந்தமான ஒரு சிரிப்பு. கீழே ஜெசிந்தா என்ற பெயர் இல்லாவிட்டால் அது யாரென்றே எனக்குத் தெரிந்திருக்காது. கம்ப்யூட்டரிடம் சொல்லி வரவழைத்த முகம். காய்ச்சலோடு டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே போய்விட்ட ஓர் ஓவியருக்கு, இத்தனை ஓவியர்கள் உள்ள குழுவில் ஒருவருக்குக்கூடக் கையால் ஒரு கோடு இழுக்கத் தோன்றவில்லை.

அதனால் இந்த அஞ்சலியை உங்களுக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். 'எப்போதும் சிரித்த முகம்' என்று போட்டிருக்கிறீர்கள். அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு. 'எல்லோருக்கும் இனியவர்' என்கிறீர்கள். எனக்கு இனியவளாக இருந்ததில்லை. உங்களுக்கும்தான்.

கார் விளக்கு செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள், நான் மெயின்டனன்ஸ். பாதுகாப்பு வாரத்துக்காக ஓவியப் போட்டி வைத்தார்கள். ஹெல்மெட் போட்ட ஒரு தொழிலாளியை அவள் வரைந்து கொடுத்தாள். கண் உள்ளே போய், தாடை தொங்கிப்போன முகம். அதிகாரி பார்த்துவிட்டு, கொஞ்சம் சந்தோஷமாக மாற்றித் தரச் சொன்னார். "ஷிப்ட் முடிச்சிகினு வர்றவன் மூஞ்சி வேற எப்பிடி சார் இருக்கும்?" என்று கேட்டாள். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு லைனுக்குப் போய்விட்டாள். கேன்டீனில் அவள் எதிரே உட்கார்ந்து, எனக்கு புரோகிராம் எழுதத் தெரியும், சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்யலாமா என்று நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண், மழையில் ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரியில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்து போவாள். கேம் அவ்வளவுதான். கன்டெய்னர் லாரி சேற்றை வாரி அடிக்கும், நாய் துரத்தும், டீக்கடையில் ஒதுங்கலாம். கதை அவளுடையது, வீடும் அவள் வீடுதான். அந்த வேலைக்காகத்தான் என்னையும் நம் குழுவில் சேர்த்துவிட்டாள்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் தனக்கென்று ஒரு படம் டேப்லெட்டில் வரைவாள். அதற்கப்புறம்தான் வெளி வேலை: புத்தக அட்டை, கல்யாண ஜோடிப் படம், யூடியூப் சேனலுக்கு முகப்பு. கேமுக்கு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த பிறகு. இந்த வரிசையை அவள் மாற்றியதே இல்லை. மூன்றையும் அழகாகச் சமாளித்தாள் என்று குழுவில் எழுதியிருக்கிறீர்கள். சமாளிக்கவில்லை. கண் எரிய, கழுத்து பிடித்துக்கொள்ள, பக்கத்தில் இருப்பவர்கள்மேல் எரிந்து விழுந்துகொண்டு செய்தாள். ஒரே வானத்தை மாதக்கணக்கில் திருப்பித் திருப்பி வரைந்தாள். போதும், அடுத்ததற்குப் போகலாம் என்று நான் சொன்னால் போனை வைத்துவிடுவாள்.

பிறகு வெளி வேலை குறைந்தது. வாடிக்கையாளர்கள் கம்ப்யூட்டர் போட்ட படங்களை வைத்துக்கொண்டு, அதில் கோணலாக வந்த கையையும் கண்ணையும் மட்டும் சரிசெய்ய ஆள் தேடினார்கள். அந்த வேலையை நம் குழுவின் அட்மின்தான் பிடித்து வந்தார். உங்களில் பலர் வாங்கிக்கொண்டீர்கள். ஜெசிந்தா குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டாள்: "அது போட்ட படத்துக்கு நான் வெரல் ஒட்டிகினு இருக்க மாட்டேன். நீங்க ஒட்டுங்க." அன்றே அவளைக் குழுவிலிருந்து நீக்கினீர்கள். செத்த பிறகு அவள் பெயர் மறுபடி உள்ளே வந்திருக்கிறது.

என்னோடும் நல்லபடியாக முடியவில்லை. தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் கேம் கண்காட்சி வைத்தார்கள். கடைசிக் காட்சி மட்டும் பாக்கி; அதுவரை காட்டலாம் என்று நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டேன். பிள்ளைகள் சுற்றி நின்று விளையாடிக்கொண்டிருந்தபோது அவள் வந்து, எல்லோர் எதிரிலும் லேப்டாப்பை மூடினாள்.

"முடியாதத காட்டாத. பாவம்னு பாப்பாங்க."

பாவம் என்று யாரும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் ஆசையாக விளையாடினார்கள். இன்றைக்கும் நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நாங்கள் ஃபைல்கள் அனுப்பிக்கொண்டோமே தவிரப் பேசிக்கொள்ளவில்லை.

போன வாரம் குன்றத்தூரில் இரங்கல் கூட்டம் நடத்தினீர்கள். அட்மின் எழுந்து ஓர் அறிவிப்புச் செய்தார். ஜெசிந்தாவின் படங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அவள் பாணியிலேயே கடைசிக் காட்சியை வரைய வைத்து, கேமை அவள் பெயரில் வெளியிடப் போகிறோம், புரோகிராமை நான் தருவேன் என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. நீங்கள் கை தட்டினீர்கள்.

தர மாட்டேன் என்றேன். அவர் வாதாடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முன்வரிசையில் இருந்த ஜெசிந்தாவின் அம்மா எழுந்து என்னிடம் வந்தார். "யாரு வரைஞ்சா இன்னா தம்பி? அவ பேரு நிக்கும்ல. முடிச்சிக் குடுத்துடுப்பா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகளை அடக்கம் செய்த ஈரம் காயாத அம்மா. ஆனாலும் சொன்னேன்: "அவ வரையாதத அவ பேர்ல போட முடியாதும்மா."

கையை விட்டுவிட்டார். "அவளும் இப்பிடித்தான். யாரு பேச்சையும் கேக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அப்புறம் அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. அந்தப் பழி உங்களால் எனக்கு வந்தது.

அவள் சாவதற்கு முந்தைய ஞாயிறு எனக்கு அனுப்பியது கடைசிக் காட்சியின் வெறும் கோடுகள். மழை விட்டிருக்கிறது. தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. வாசலில் ஆள் இல்லை. அங்கே யாரை நிறுத்துவது என்று மெசேஜில் கேட்டிருந்தேன். "இன்னும் தெர்ல. இரு" என்று பதில் போட்டிருந்தாள்.

ஜெசிந்தாவிடமிருந்து எனக்கு வந்த கடைசிச் சொல் இதுதான். நான் இருக்கிறேன்.