பூட்டிய அறைகளை மோந்து பார்ப்பவள்

அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். சாமான் போட்டு வைக்க அறைகளை வாடகைக்கு விடும் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அவள்தான் மேற்பார்வை. வீடு மாறுகிறவர்கள், கடையை மூடியவர்கள், வாங்கிக் குவித்துவிட்டு வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் தவிப்பவர்கள் எல்லோரும் அங்கே ஓர் அறை எடுத்து, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு உள்ளே என்ன ஆகிறது என்பது அவர்கள் தலைவலி இல்லை, இவள் தலைவலி.

காலையில் வந்ததும் ஒவ்வொரு ஷட்டராகப் போவாள். புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். பிறகு குனிந்து, தரையை ஒட்டிய இடுக்கில் மூக்கை வைத்து இழுப்பாள். பெயிண்ட், தின்னர், மிச்சம் மீதி வைத்த கேஸ் சிலிண்டர், டேங்க் நிறையப் பெட்ரோலோடு உள்ளே தள்ளிய மோட்டார் சைக்கிள், எதுவும் அந்த மூக்குக்குத் தப்பாது. உடனே போன் போகும். வாடகை கொடுக்கிறேன், என் அறை, என் இஷ்டம் என்று யாராவது ஆரம்பித்தால் தொலைந்தார்கள். உன் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரம், எது யார் அறை என்று நெருப்பு கேட்டுக்கொண்டு போகாது என்று விளாசித் தள்ளிவிடுவாள்.

கரண்ட் விஷயத்தில்தான் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். அறைகளுக்குள் மின்சாரம் கிடையாது, நடைவழியில் பல்பு மட்டும்தான். ஆனால் ஒரு பல்பு கண்ணில் பட்டால் சிலருக்குக் கை சும்மா இருக்குமா? அதைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் ஒயரைச் செருகி, ஷட்டருக்கு மேலே உள்ள சந்து வழியாக உள்ளே இறக்கிவிடுவார்கள். ஒரு மனிதர் பூட்டிய அறைக்குள் காலி ஃபிரிட்ஜை ஓட்டிக்கொண்டிருந்தார். சும்மா வைத்தால் கெட்டுப்போய்விடுமாம். அந்த ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினாள்.

அப்பா அம்மா செத்துப்போனபோது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்க வந்தவள்தான் அவனைப் படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து வைத்தாள், தன் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. யாராவது தியாகம் அது இது என்று உருகினால் அதற்கும் எரிந்து விழுவாள். பின்னே அவனைத் தெருவிலா விடுவது என்று கேட்பாள். லீவு நாட்களில் அவன் அவளோடு நடைவழியில் சுற்றியிருக்கிறான். அவள் எங்கே கை வைப்பாள், எங்கே மூக்கை வைப்பாள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

என்னென்னவோ தொழிலில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோகிறவர்களுக்கு எலக்ட்ரிக் சைக்கிள் வாடகைக்கு விடும் தொழில் அவனுக்குக் கைகொடுத்தது. பழைய டயரும் உதிரி பாகங்களும் வைக்க ஓர் அறை வேண்டுமென்று வந்து நின்றான். முதலாளியிடம் சொல்லிக் கீழ்த்தளத்து மூலை அறையை வாங்கிக் கொடுத்தாள். உள்ளே பேட்டரி வந்தால் நான் உனக்கு அக்கா இல்லை என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் அந்த ஷட்டரில் கை வைத்தாள், சூடு இல்லை. குனிந்தாள். மூக்கைத் துளைக்கிற மாதிரி பாச்சை உருண்டை வாசனை. எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டயருக்கு எதற்குப் பாச்சை உருண்டை? சொந்தச் சட்டையை ஒழுங்காகத் துவைக்காதவன், டயரைப் பூச்சி அரிக்கும் என்று கவலைப்படுகிறானாமா?

தம்பிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், கட் செய்தான். முதலாளியைக் கூப்பிட்டால் அவர், உன் தம்பிதானே, சாயந்திரம் வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார். கம்பி வெட்டும் கட்டரை எடுத்துவந்து பூட்டை வெட்டிப் போட்டாள்.

ஷட்டரைத் தூக்கியதும் எதிரே மெத்தைகள். பழைய பஞ்சு மெத்தைகளைச் சுவர் மாதிரி நிறுத்தி வைத்திருந்தான். அவள் புறங்கைக்குச் சூடு தெரியக் கூடாது, அதற்கு மெத்தை. மூக்குக்குத் தெரியக் கூடாது, அதற்குப் பாச்சை உருண்டை. மெத்தைகளைத் தள்ளினால், சைக்கிள் பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. குழாய் ஓரமாகச் சுவரில் ஓட்டை போட்டு நடைவழிக் கரண்டை இழுத்திருந்தான். அடுப்பில் கை நீட்டின மாதிரி அனல் அடித்தது. ஒரு பேட்டரி, எப்போது வெடிக்குமோ என்று வயிறு உப்பிக் கிடந்தது. பஞ்சும் பாச்சை உருண்டையும் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று தன் வாயாலேயே அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் வேலையைக் கற்றுக்கொண்டு, அதை வைத்தே அவளை ஏமாற்றியிருக்கிறான்.

ஒயரைப் பிடுங்கினாள். உப்பியதை மண்வெட்டியில் ஏந்திக் கொண்டுபோய் முற்றத்து நடுவில் மணலைக் கொட்டி மூடினாள். மற்றதையும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வெயில் படாத இடத்தில் இடைவெளி விட்டு வைத்தாள்.

தம்பி வந்தான். நாளைக்குக் காலையில் வண்டிகள் எதில் ஓடும், என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று குதித்தான். அவள் ஓட்டையைக் காட்டி, மெத்தையைக் காட்டி, மேல் மாடியில் இப்போதுகூட ஆட்கள் சாமான் எடுத்துக்கொண்டிருப்பதைக் காட்டினாள்.

“ஒண்ணும் எரியலையே” என்றான்.

“எரிஞ்சிருந்தா உன்கிட்ட பேசிக்கிட்டு நின்னிருப்பேனா? அறையைக் காலி பண்ணு.”

“நீ எனக்கு அக்காவே இல்ல” என்றான். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். முதலாளியும் தன் பங்குக்கு, ஒன்றுமே நடக்காததற்கு ஒரு வாடகைக்காரனை விரட்டிவிட்டாய் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் என்று அவள் கத்தினாள். அவருக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் தம்பி மனைவி போன் செய்தாள். பிள்ளைகள் அத்தையைக் கேட்டு அழுகிறார்கள், அவர் போகக் கூடாதென்கிறார் என்றாள். பேச்சோடு பேச்சாக, “வீட்ல நடக்கவே இடமில்ல அண்ணி. பேட்டரி எல்லாம் பிள்ளைங்க கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. சார்ஜ் போட அங்கதான் வசதியாம்” என்றாள்.

கட்டடத்தைக் காப்பாற்றியாயிற்று. அங்கே இருந்த நெருப்பை அள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு அடியில் வைக்கச் சொன்னதும் அவள்தான். தன் மேலேயே அவளுக்கு வந்த கோபத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

நேரே முதலாளி வீட்டுக்குப் போனாள். பேட்டரிகளுக்குச் சார்ஜ் போட முற்றத்தின் கோடியில், கட்டடத்தை விட்டுத் தள்ளி, தகரக் கூரை போட்டு, எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுத்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் சாவிக்கொத்தை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அவள் போனால் யார் குனிந்து குனிந்து மோந்து பார்ப்பது? அவர் சரி என்று தலையாட்டினார்.

அங்கிருந்து தம்பி வீடு. கதவைத் திறந்தவன் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவளும் திட்டவில்லை. வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவள், வாசலில் நின்று கெஞ்சினாள்.

“என்கூட ஆயுசுக்கும் பேசாத. நான் செத்தாலும் வராத. அதை மட்டும் முற்றத்துக்குக் கொண்டு வந்துடு. பகல்ல சார்ஜ் போட்டு எடுத்துக்க. நான் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறேன்.”

அவன் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்தான். அவள் கை நீட்டியபோது கொடுக்காமல், தானே தூக்கிக்கொண்டு படி இறங்கினான்.

இப்போது தினமும் வருகிறான். தகரக் கூரைக்கு அடியில் பேட்டரிகளை மாட்டிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் எதிரே ஒரு ஸ்டூல் போட்டுப் பேட்டரிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் சொன்ன வார்த்தையை அவன் அப்படியே காப்பாற்றுகிறான், ஒரு சொல் பேசுவதில்லை. ஆயுசுக்கும் பேசாதே என்று அவள் வாயால்தான் சொன்னாள். அதையும் நிஜமென்று எடுத்துக்கொண்டானே, இத்தனை வருஷம் வளர்த்தும் இதுகூடவா இவனுக்குத் தெரியவில்லை என்று அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும்.