ஒரு தகப்பனின் கேள்வி

ஈப்போவில் நரம்பு கிளினிக்குக்கு வெளியே அவரை அடிக்கடி பார்ப்பேன். ஆயர் தாவாரில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அகன்ற தோள், வெயிலில் கருத்த முகம். அவர் மகளுக்கும் எனக்கும் ஒரே நோய், மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். நரம்பின் மேலுறையை நம் உடலே அரித்துவிடும். மகள் உள்ளே போனதும் அவர் காத்திருப்பவர்களிடம் நோய் வந்த காரணம் விசாரிப்பார். அன்று என் முறை.

“சின்ன வயசுல கழுத்து வீங்கி காய்ச்சல் வந்திச்சாம்மா?”

“வந்திச்சு அங்கிள். ஆனா அந்தக் காய்ச்சலக் கொண்டுவர்ற வைரஸ் முக்காவாசி பேருக்கு வர்றதுதான்லா. எல்லாருக்குமா இந்த நோய் வருது? பல காரணம் சேரணும்னு டாக்டர் சொன்னாங்க.”

“சிகரெட் பொகையும் ஒரு காரணம்ங்கிறாங்களே.” அவர் குரல் இறங்கியது. “மக பொறந்ததுலேர்ந்து வீட்டுக்குள்ளதான் ஊதினேன். இப்ப விட்டுட்டேன். ஒங்கப்பா பிடிப்பாராம்மா?”

“இல்ல அங்கிள். எங்க வீட்ல யாருமே பிடிச்சதில்ல.”

அவர் நீளமாக மூச்சு விட்டார். “அப்ப பொகை இல்லாமலும் வருது.”

மகள் வெளியே வந்ததும் ஓடிப்போய், அவள் கைத்தடியை வாங்கிக்கொண்டு தன் தோளைக் கொடுத்தார்.

நான் சொன்னது பொய். என் அப்பா விடாமல் புகைத்தவர். என் நோயைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கறை இல்லாதவர் என்றே அவர் சாகும்வரை நினைத்திருந்தேன். அப்பாவும் எங்காவது, யாரிடமாவது இப்படிக் கேட்டிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கும் யாராவது ஒரு பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.