குளிர்காலத்தில் அம்மா யாரையும் தொடமாட்டாள்

என் அம்மா லுவான் ஷுச்சின், வடகிழக்குச் சீனாவில் சாங்சுன் நகரத் துணிச் சந்தையின் தரைக்குக் கீழ்த் தளத்தில் கடை வைத்திருக்கிறாள். ஸ்வெட்டர், உள்சட்டை, கம்பளிப் போர்வை எல்லாம் விற்பாள். கம்பளி என்பது பேருக்குத்தான், முக்கால்வாசி செயற்கை நூல். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை உருவினால் சடசடவென்று பொரியும். அதனால் சரக்கை மூங்கில் கழியின் முனையில் மாட்டித்தான் வாங்க வருபவரிடம் நீட்டுவாள். பக்கத்துக் கடை தியான் அக்கா, "மகாராணி கையால தரமாட்டாங்க, செங்கோலாலதான் தருவாங்க" என்பாள்.

அம்மாவுக்கு வீம்பெல்லாம் இல்லை. ஷாக்குக்குப் பயம், அவ்வளவுதான். குளிர் வந்து, வீடுகளைச் சூடாக்க வெந்நீர்க் குழாய்களைத் திறந்துவிட்டதும் உள்ளே காற்று மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அன்றிலிருந்து மார்ச் வரை கதவுப் பிடியையோ தண்ணீர்க் குழாயையோ எங்களையோ அவள் வெறுங்கையால் தொடமாட்டாள். வீட்டுச் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து அதன் முனையால் முதலில் இரும்பைத் தொடுவாள். பொறி சாவியோடு போய்விடும், விரலுக்குத் தெரியாது. எனக்கும் அண்ணன் லியாங்குக்கும் வேறு முறை. ஈரத் துண்டால் தலை முதல் கால்வரை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் கட்டிக்கொள்வாள். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

போன குளிரில் லியாங் தன் காதலி நிங்கை முதல்முறையாக வீட்டுக்குக் கூட்டி வந்தான். அவள் வாசலில் நின்று நைலான் கோட்டைக் கழற்றினாள். உள்ளே அக்ரிலிக் ஸ்வெட்டர். முடியெல்லாம் எழுந்து நின்றது. "வணக்கம் ஆன்ட்டி" என்று சிரித்தபடி கையை நீட்டினாள். பளிச்சென்று ஒரு நீலப் பொறி. அம்மா கத்திக்கொண்டே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நிங்கின் கை அந்தரத்தில் நின்றது.

"எனக்கும்தானே அடிச்சுது. நான் கையை இழுத்துக்கிட்டேனா? உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கல" என்று போகிற வழியில் பஸ்ஸில் அண்ணனிடம் சொன்னாளாம்.

அடுத்த முறை அவள் வரும்போது அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். நிங் அதைப் பார்த்துவிட்டு லியாங்கிடம், "நான் என்ன எண்ணெய்ச் சட்டியா?" என்று முணுமுணுத்தாள். அது எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது.

ஆனாலும் ஜனவரியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. எங்கள் பக்கம் மணப்பெண் மேடையில் வைத்து மாமியார் தலையில் சிவப்புப் பூ ஒன்றைக் குத்திவிட வேண்டும். அதுவரை ஆன்ட்டி என்றவள் அந்த நேரத்தில்தான் முதல்முதலாக அம்மா என்று கூப்பிடுவாள்.

"அங்கயும் நான் தலையை இழுத்துக்கிட்டா?" என்றாள் அம்மா. "அவளைப் பெத்தவங்க முன்னாடி, ஊரு முன்னாடி. அந்தப் பொண்ணு சாகற வரைக்கும் மறக்கமாட்டா."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதுவும் வேதியியல். உட்காரவைத்து விளக்கினேன். "ரெண்டு துணி உரசுதுல்ல, அப்ப ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குக் கொஞ்சம் மின்சாரம் தாவிடும்மா. கோடையில காத்துல ஈரம் இருக்கும், சத்தமில்லாம கசிஞ்சு போயிடும். இப்ப காத்து காய்ஞ்சு கிடக்கு. போக வழியில்லாம நம்ம மேலயே உட்கார்ந்திருக்கு. எதையாவது தொட்டா ஒரே தாவா தாவிடுது."

"அப்ப தப்பு யார் மேல?"

"யார் மேலயும் இல்ல."

"அதை நிங்கிட்ட சொல்லுடி. என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

சொல்லியிருக்கலாம். ஆனால் பொறி ஏன் வந்தது என்பதுதான் எனக்குத் தெரியும். அம்மா கையை ஏன் ஒளித்தாள் என்பதற்கு என் பாடத்தில் பதில் இல்லை. ஒரு பெண்ணிடம் போய், எங்கம்மாவுக்கு உங்களைப் பிடிக்கும், காற்றுதான் காய்ந்துவிட்டது என்று சொன்னால் அவள் நம்புவாளா? பாதிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று குழம்பினேன்.

தெரிந்ததைச் செய்தேன். அம்மாவுக்கு உள்ளும் புறமும் பருத்தித் துணி, ரப்பர் அடிக்குப் பதிலாகத் தோல் அடி வைத்த ஷூ, கைக்கு கிரீம், தலைக்குத் தண்ணீரில் நனைத்த மரச்சீப்பு. வெந்நீர்க் குழாய்களின் மேலெல்லாம் ஈரத் துண்டுகள் தொங்கின. வீடு சலவைக்கடை ஆயிற்று. ஒரு நாள் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு வெறும் விரலால் குழாயைத் தொட்டாள். "ஒண்ணும் ஆகல" என்றாள். பிறகு வீட்டில் இருந்த இரும்பையெல்லாம் தேடித் தேடித் தொட்டுவிட்டு வந்தாள்.

கல்யாண நாளன்று பூத்தட்டோடு மேடையில் நிற்கும்போதுதான் கவனித்தேன். வாசலிலிருந்து மேடை வரை புத்தம்புது நைலான் கம்பளம். அடுக்கடுக்கான வலைப் பாவாடை அதில் உரச உரச நிங் நடந்து வந்துகொண்டிருந்தாள். அம்மாவை மட்டும் தயார் செய்திருந்தேன். ஷாக் அடிக்க ரெண்டு பேர் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அம்மாவும் கம்பளத்தைப் பார்த்துவிட்டாள். அவள் வலது கை சட்டைப்பைக்குள் போய், மூடியபடி வெளியே வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்று கையுறை, இன்று சாவி. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

நிங் வந்து எதிரில் நின்றாள். பூவை எடுக்கவில்லை. மூடிய கையை நீட்டினாள். அவள் விரலிடுக்கிலும் ஒரு சாவி முனை.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு அம்மா தன் சாவியை மெல்ல முன்னே கொண்டுபோனாள். நிங்கும் கொண்டுவந்தாள். டிக். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இதை எங்கடி கத்துக்கிட்டே?"

"உங்ககிட்டதான். அன்னிக்குக் கையுறையைக் கழட்டிட்டு நீங்க குழாயைச் சாவியால தொட்டீங்கல்ல. அப்பதான் புரிஞ்சுது, நீங்க என்னைப் பார்த்துப் பயப்படலன்னு."

"உன்னைப் பார்த்தும் கொஞ்சம் பயந்தேன்" என்றாள் அம்மா. அதையும் மைக் பிடித்துக்கொண்டது. மண்டபம் சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நிங் பூவைக் குத்தினாள். "அம்மா" என்றாள். அம்மாவின் தலை அசையவில்லை.

"காதுல விழல. இன்னொரு தரம் கூப்பிடு."

"அம்மா."

"என்னம்மா?"

விருந்தின்போது நிங்கின் இடது கை அம்மாவின் வலது கைக்குள் இருந்தது. இடது கையால் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிடிக்கத் தெரியாமல் அம்மா பன்றி இறைச்சியை மேசையெல்லாம் சிந்திக்கொண்டிருந்தாள்.

"கையை விட்டுட்டுத்தான் சாப்பிடேன், மகாராணி" என்றாள் தியான் அக்கா. "செங்கோல் எங்க போச்சு இன்னிக்கு?"

"விட்டா மறுபடி கரண்ட் ஏறிக்கும். இதோ, படிச்சவ இருக்காளே, அவளைக் கேளு."

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தால் அப்படியெல்லாம் ஏறாது. மேசையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாக்கா" என்றேன். "விட்டா ஏறிடும்."