அரியநாயகத்தாரின் தொண்ணூறாம் ஆண்டு மெசின்

ரூ பெர்தொனே தெருவில் உள்ள தமிழ் மளிகைக் கடைக்குள் சனிக்கிழமை காலையில் உப்பு வாங்க நுழைந்தவர்கள்கூட, அரியநாயகத்தாரின் உடுப்புத் தோய்க்கும் மெசினைப் பற்றிக் கேட்காமல் வெளியே வந்ததில்லை. உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, சமையல்காரராகி, இளைப்பாறிய மனிதர் அவர். தன்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல மாட்டார். பேச்செல்லாம் 1990இல் பழைய சாமான் கடையில் வாங்கிய, மேல்மூடி திறக்கிற அந்த மெசினைப் பற்றித்தான்.

"ஒரு திருகாணி மாத்தேல்லை. அந்தக் காலத்து இரும்பு. இப்பத்தையான் எல்லாம் வெறும் பிளாஸ்ரிக்," என்பார்.

அந்தப் பாசத்தில் பொய்யில்லை. உணவகத்து எண்ணெய் ஏப்ரனையும் மகள் லக்ஷனா பால் கக்கிய சட்டையையும் வெள்ளையாக்கித் தந்த மெசின் அது. பிழிகிறபோது குளியலறையிலிருந்து நடந்து கதவடிக்கு வந்துவிடும். கீழ்வீட்டு ரோசாலி தும்புத்தடியால் முகட்டில் இடிப்பாள். அதற்கடுத்த வருடம் வந்த குளிர்சாதனப் பெட்டிக்கும், சென்னையிலிருந்து சூட்கேசில் வந்த மிக்சிக்கும் இதே மரியாதை உண்டு. சரஸ்வதி பூசைக்கு மூன்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். பொட்டு வைப்பது அவர் வேலை, உடுப்புத் தோய்ப்பது மனைவி கமலராணியின் வேலை. வேலைப் பிரிவினையில் மனிதர் மிகக் கண்டிப்பானவர்.

2016 பூசைக்கு முதல் வாரம், புறநகரான செவ்ரானில் குடியிருக்கும் லக்ஷனா அழைத்தாள்.

"அப்பா, அம்மாவுக்குப் புது மெசின் வாங்கப் போறன். பழசை எறியுங்கோ."

தெருவில் வைத்தால் நகரசபை லொறி அள்ளிக்கொண்டு போய்விடுமே!

"விசயதசமி அண்டைக்கு என்ரை கையாலை ஓட்டிக் காட்டுறன். ஓடாட்டி வாங்கு," என்றார் வீறாப்பாக.

சாட்சிக்குச் சூசைநாதனையும் அழைத்தார். ஆறு வருடத்தில் மூன்று மெசின் மாற்றிய சூசைநாதன், கடையில் அவருடைய நிரந்தர எதிர்க்கட்சி.

"ஏனப்பா, அதை விடுங்கோவன்," என்றாள் கமலராணி. அவர் காதில் விழவில்லை.

பூசைக்கு மறுநாள், பொட்டு வைத்த சாமானை ஓட்டித் தொடங்குகிற முறைப்படி, கற்பூரம் காட்டிவிட்டுத் திருகியைத் திருப்பினார். சத்தமில்லை. பக்கத்தில் தட்டினார். தடவியும் கொடுத்தார்.

"அண்ணை, முதல்லை உடுப்பைப் போடுங்கோவன்," என்றார் சூசைநாதன்.

மூடியைத் திறந்தார். உள்ளே தொட்டி நிறையச் சிவப்பு வெங்காயம். மேலே செத்தல் மிளகாய்ப் பை இரண்டு.

"இதென்ன?"

"வெங்காயம்," என்றாள் கமலராணி. "மெசின் செத்து ரண்டு வருசம். மூண்டு தரம் சொன்னனான். 'ஒரு நாள் ஆறவிடு, ஓடும்' எண்டியள்."

"அப்ப உடுப்பு?"

"மூலைக் கடை லாவறியிலை, காசு போட்டுத் தோய்க்கிற மெசினிலை. வெள்ளிக்கிழமையிலை."

வெள்ளி பின்னேரங்களில் பெரிய பையோடு "போட்டு வாறன்" என்று இறங்குகிறவள் கோயிலுக்குத்தான் போகிறாள் என்று நினைத்து, அவளுடைய பக்தியைப் பற்றியும் கடையில் அளந்திருக்கிறார். லிப்ட் இல்லாத நாலாம் மாடி. இரண்டு வருடமாக ஈர உடுப்பு மூட்டையோடு ஏறியிருக்கிறாள். அவருக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. சூசைநாதன் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

உடனே போனை எடுத்தார்.

"பிள்ளை, நீ சொன்ன புது மெசினை வாங்கு. பெரிசாய் வாங்கு."

கமலராணி போனைப் பறித்தாள்.

"வேண்டாம் லக்ஷனா. மூட்டையை இனி அப்பா தூக்கி வந்து விட்டிட்டுப் போகட்டும், மேலை ஏத்தவும் அவரே வரட்டும். நான் லாவறிக்கே போறன். அங்கை பத்து மெசின் ஓடுது, ஒருத்தரும் மெசினைப் பற்றிக் கதைக்கிறேல்லை."