முதல்ல சுவிட்ச், அப்புறம் பிள்ளை

யுகாதியன்று காலை வைட்ஃபீல்டு போகும் மெட்ரோவில் இருந்தேன். நான் இப்போது வேலை பார்க்கும் அபார்ட்மெண்ட் கிளினிக்கில் பண்டிகை நாளுக்கும் டியூட்டி உண்டு. போன் அடித்தது. பழைய ஆஸ்பத்திரியில் என்னோடு நர்ஸாக இருந்த கமலா. "லோகி, நம்ம மஞ்சுளா போயிட்டாடி. கரண்ட் அடிச்சிடுச்சு. ஹீட்டராம்" என்றாள். "எந்த மஞ்சுளா?" என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் தெரிந்தது ஒரே மஞ்சுளாதான். இருந்தாலும் கேட்டேன். கமலா அழ ஆரம்பித்துவிட்டாள். "உளறாதே! மஞ்சுளாவாவது, ஹீட்டராவது!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் சீட்டுப் பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். அது எந்த ஸ்டேஷன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

மஞ்சுளாவோடு பழகியவர்களுக்கு நான் ஏன் நம்பவில்லை என்று விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தைகள் வார்டில் அவள் ஆயா, நான் நர்ஸ். வார்டுக்குள் என்னை "சிஸ்டர்" என்பாள். கேட்டைத் தாண்டினால் "ஏய் லோகி". வீட்டுச் சாமான்களால் பிள்ளைகளுக்கு அடிபடக் கூடாது என்பதை விட்டால் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. அதிலும் வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு பிளக்கைச் சொருகுவோமே, அந்த ஹீட்டர் ராடு, அதன்மேல் அவளுக்கு ஜென்மப் பகை. தான் குடியிருந்த நீலசந்திராவில் வாசல் வாசலாக நின்று அதைப் பற்றித் தொண்டை கிழியக் கத்தியவள் அவள். அவளையா அதே ஹீட்டர் கொண்டுபோனது?

மஞ்சுளா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சந்து முழுக்கக் கூட்டம். நடந்தது இதுதான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பக்கத்து போர்ஷன் கவிதா பண்டிகைக் குளியலுக்காக அலுமினிய அண்டாவில் ஹீட்டரைப் போட்டிருக்கிறாள். அவளுடைய இரண்டு வயது மகள் அண்டாவைத் தொட்டுவிட்டாள். மஞ்சுளா ஓடிப்போய்க் குழந்தையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். குழந்தை பிழைத்தது, இவள் போய்விட்டாள். என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சுவிட்ச் சுவிட்ச்னு சொன்னாளே, அவளே அணைக்கலை பாரு." பளாரென்று ஒன்று விடலாம் போல இருந்தது. விடவில்லை. ஏனென்றால் அதே கேள்விதான் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பாவி, உனக்குத் தெரியாதா? உனக்கேவா?

வார்டில் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அடிபட்ட குழந்தையோடு வரும் அப்பா அம்மாவிடம், "எதுல அடிபட்டுச்சோ அதை நாளைக்கு எடுத்துட்டு வா" என்பாள். டாக்டர் கேட்கமாட்டார், நான் கேட்கமாட்டேன், இவள் கேட்பாள். அவர்களும் கொண்டு வருவார்கள். மூடி கழன்ற பேட்டரி பொம்மை, கக்கூஸ் கழுவும் ஆசிட் ஊற்றி வைத்த கூல்டிரிங்க் பாட்டில், விரல் மாட்டிய மடக்கு நாற்காலி. ஒருமுறை ஒரு தகப்பன், பிள்ளைமேல் சாய்ந்த மூன்று இழுப்பறை அலமாரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான். "இது ஆஸ்பத்திரியா, பழைய சாமான் வாங்கற குஜிரி கடையா?" என்று வாட்ச்மேன் குதித்தார். மஞ்சுளா அதை வராந்தாவில் நிறுத்தி, மூன்று இழுப்பறையையும் வெளியே இழுத்தாள். அலமாரி அப்படியே முன்னால் சாய்ந்தது. "பாத்தியா? உன் பிள்ளை இதைப் படிக்கட்டுன்னு நினைச்சு ஏறியிருக்கு. ஆணி அடிச்சுச் சுவத்தோட கட்டு" என்றாள். அந்த ஆள், "பாத்து ஏற வேணாமா அவன்?" என்றதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள். "பிள்ளை பாத்து நடக்கணும்னு சொல்லாதே. அதுக்கு ரெண்டு வயசு. உனக்குத்தானே முப்பது? நீ சாமானைப் பாத்து வை."

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதையில் ஹீட்டர் ராடு விற்கும் ஒரு பாயோடு அவள் போட்ட சண்டையை நான் நேரில் பார்த்தேன். முத்திரை இல்லாத சரக்கு, வயரைக் கொஞ்சம் இழுத்தால் கையோடு வந்துவிடும். "இதைத் தண்ணில போட்டு நீ உன் கையை விடு பாய். அப்புறம் நான் வாங்கிக்கறேன்" என்றாள். "அரே, காலங்காத்தால ஏம்மா என் வியாபாரத்தைக் கெடுக்கிறே?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். இவள் நகரவில்லை. வாங்க வந்தவர்களிடமெல்லாம் வயரை இழுத்துக் காட்டினாள். பிறகு சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அதே பாய், ஓரளவு நல்ல சரக்காக வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சுவிட்ச் ஆஃப் பண்ணு, பிளக்கை எடு, அப்புறம்தான் தண்ணில கை வைக்கணும். இல்லேன்னா ஒரு அம்மா வந்து என்னைத் திட்டும்."

என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் வைட்ஃபீல்டு கிளினிக்குக்கு மாறிய புதிதில், அங்குள்ள தாய்மார்களிடம் பேச அவளை அழைத்துப் போனேன். பளபளவென்ற ஒரு பெரிய ஃபிளாட். போனவள் பேச்சே இல்லாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹால் நடுவில் குப்புறப் படுத்துவிட்டாள். எனக்கு மானம் போயிற்று. "எந்திரிடி, மேடம் பாக்கறாங்க" என்று கிசுகிசுத்தேன். "மேடத்தையும் படுக்கச் சொல்லு. தவழற பிள்ளைக்கு என்ன தெரியுதுன்னு நின்னுட்டுப் பாத்தா எப்படித் தெரியும்?" என்றவள், சோபாவுக்கு அடியில் கையை விட்டு ஒரு பட்டன் பேட்டரியை எடுத்தாள். ஏதோ ரிமோட்டிலிருந்து விழுந்தது. குழந்தை முழுங்கினால் உணவுக்குழாயையே அரித்து ஓட்டை போட்டுவிடும் சாமான். அந்த வீட்டம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கடைசியில் ஐந்தாறு பேர் வரிசையாகத் தரையில் படுத்து வீட்டைப் பார்த்தோம். அன்று மாலை என் வீட்டுக்கும் வந்தாள். என் பாத்ரூமில் பினாயில் எந்த பாட்டிலில் இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் அவளை எல்லோரும் திட்டியது அந்தப் பொம்மை விளையாட்டுக்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சந்தில் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு வாளி, வயர் வெட்டிய ஹீட்டர், ஒரு பழைய பொம்மை இவற்றோடு வருவாள். சுவரில் சாக்பீஸால் ஒரு சுவிட்ச் வரைவாள். பொம்மையின் கையை வாளிக்குள் விட்டுவிட்டு, "பிள்ளைக்கு கரண்ட் அடிக்குது, ஓடு!" என்று கத்துவாள். முதல் தடவையில் எந்தப் பெண்ணும் சுவிட்ச் பக்கம் போனதில்லை. எல்லோரும் பொம்மையைத்தான் பிடிப்பார்கள். "பிள்ளையும் போச்சு, நீயும் போயிட்டே. அடுத்தவ வா" என்பாள் மஞ்சுளா. கல்நெஞ்சுக்காரி என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. இந்தக் கவிதாவும் அந்த விளையாட்டில் மூன்று தடவை தோற்றாள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே. மூன்றாம் தடவை பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "பெத்தவளுக்குக் கை அங்கதான்க்கா போகும். உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

"நானும் ரெண்டு பெத்தவதான்டி. ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சு. கை அங்கதான் போகும்னு எனக்கும் தெரியும். அதுக்குத்தானே திரும்பத் திரும்பப் பண்ணச் சொல்றேன்" என்றாள் மஞ்சுளா. "ஓடுற கரண்ட்ல பிள்ளையைத் தொட்டா பிள்ளைக்கு அம்மா இல்ல. சுவிட்சைத் தொட்டா ரெண்டு பேரும் இருப்பீங்க. முதல்ல சுவிட்ச், அப்புறம் பிள்ளை. இன்னொரு தடவை பண்ணு." நாலாவது தடவை கவிதா சுவர்ப் பக்கம் ஓடி அந்த சாக்பீஸ் சுவிட்சைத் தொட்டாள். தொட்டதும் எதற்கோ அழுதாள். நான் அங்கேதான் இருந்தேன். எனக்கே கண் கலங்கியது, ஆனாலும் சிரித்துச் சமாளித்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. மஞ்சுளா குடியிருந்த கட்டடத்தில் நாலு போர்ஷனுக்கும் எர்த் கம்பி சரியில்லை, ஷாக் அடித்தால் தானாக விழும் டிரிப் சுவிட்சும் இல்லை. மஞ்சுளா வீட்டு ஓனரிடம் நடையாய் நடந்தாள். "ஆகட்டும்மா, பண்டிகை முடியட்டும்" என்றாராம். இவள் போன மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து நின்றான். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. ஒரே மதியம்! சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரில் சத்தம் கேட்ட எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த மனிதரிடம் யாராவது போய்ச் சொல்லுங்கள்.

பதினோராம் நாள் காரியத்துக்குப் போனேன். மஞ்சுளாவின் பெண்கள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கவிதாவை யாரும் கூப்பிடவில்லை. பதினோரு நாளாக அவள் வாசலுக்கே வரவில்லை என்றார்கள். தொட்டு இழுத்திருந்தால் மஞ்சுளா பிழைத்திருப்பாள், அந்தப் பெண் வேண்டுமென்றே பின்வாங்கிவிட்டாள் என்று சந்தே பேசியது. நானும் வாய் நிறைய வசவோடுதான் அவள் கதவைத் தட்டினேன். அலுமினிய அண்டாவில் யாரடி ஹீட்டர் போடுவாள் என்று கேட்டுக் கிழித்துவிடுவது என் திட்டம்.

கதவைத் திறந்தாள். பாதியாகியிருந்தாள். கையில் கட்டுப்போட்ட குழந்தை அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றது.

"எல்லாருக்கும் எண்ணெய் தேச்சாச்சு, வாளி பத்தலைன்னு அண்டாவுல போட்டேன் சிஸ்டர். பாத்ரூம் கதவைச் சாத்திட்டுதான் போட்டேன். அவரு துண்டு எடுக்கப் போனாரு, திரும்பச் சாத்தலை" என்றாள். "அக்கா வெளிய தலை துவட்டிட்டு இருந்தாங்க. 'கவிதா, சுவிட்ச்!'னு ஒரு சத்தம் போட்டாங்க. நான் அடுப்புக்கிட்டேர்ந்து திரும்புறதுக்குள்ள பாப்பாவை இழுத்து விட்டுட்டாங்க. ஈரக் காலு. அவங்க கை அண்டாவுல மாட்டிக்கிச்சு."

குழந்தையின் தலையைத் தடவினாள்.

"அக்காவைப் புடிக்கத்தான் ஓடினேன். ரெண்டு அடி வெச்சுட்டேன். அப்புறம் நின்னு, திரும்பிப் போய் சுவிட்சை அணைச்சேன். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அவங்களை விட்டுட்டுத் திரும்பினேனே, அதனாலதான் செத்தாங்களா சிஸ்டர்? உங்களுக்குத் தெரியும் இல்ல? சொல்லுங்க."

எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருத்தியும் கேட்டதில்லை. "இல்லடி. நீ தொட்டிருந்தா உன்னையும் அன்னைக்கே எடுத்திருப்போம். இந்தப் பிள்ளை இப்ப யார் காலைக் கட்டிக்கும்?" என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழட்டும் என்று விட்டேன். பிறகு கையைப் பிடித்து எழுப்பி, குழந்தையோடு காரியம் நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். மஞ்சுளாவின் பெரிய மகள் ஷாலினி பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். கவிதா அங்கே உட்கார்ந்தாள்.

எனக்கு மஞ்சுளாமேல் இன்னும் கோபம்தான். சுவிட்சை அணைக்கிற நேரம்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று தினமும் அவளைத் திட்டுகிறேன். பொறுத்திருந்தால் அந்தக் குழந்தை இருந்திருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை. இனி அதை நான் செய்யப்போகிறேன். முதல் ஞாயிறே ஒருத்தி எழுந்து கேட்பாள், எனக்குத் தெரியும்: "சொன்ன மஞ்சுளாவே பண்ணலையே, எங்களால ஆகுமா?" கவிதா பண்ணினாள் என்பேன்.