கட்டளை வந்தது, சீமெந்து வரவில்லை

போன செவ்வாய்க்கிழமை சந்தையில் பூரணம் அக்கா மயங்கி விழுந்துவிட்டார்.

பதறாதீர்கள். இப்போது சுகம். கத்தரிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண் விழித்ததும் ஒரு பிளேன்டீ வாங்கி நீட்டினேன். கையால் தள்ளிவிட்டார்.

“வேண்டாம் மாஸ்டர். குடிச்சால் பிறகு எங்கை போறது?”

அப்போதுதான் விளங்கியது. அரியாலையிலிருந்து விடியக் கிளம்பி வருகிறவர். வியாபாரம் முடிந்து திரும்பப் பின்னேரமாகும். அதுவரை ஒரு மிடறு தண்ணீர் இல்லை! அவர் மட்டுமா? அந்த வரிசையில் இருந்து மரக்கறி விற்கும் பெண்கள் எல்லோருமே இரண்டு மாதமாக இப்படித்தான். அதுவும் இந்த வைகாசி வெயிலில்.

ஏன்? சந்தை மலசலகூடம் பூட்டிக் கிடக்கிறது.

பூட்டியது யார்? உள்ளூராட்சிச் சபை. பூட்டச் சொன்னது? கொழும்பிலிருந்து வந்த சுற்றுநிருபம். சரி... அந்தச் சுற்றுநிருபத்தைக் கைதட்டி வரவேற்றது யார்?

அடியேன்தான். இதே பேப்பரில், இதே பத்தியில்தான் எழுதினேன். நம்முடையது சுண்ணாம்புக்கல் நிலம், மேலே விடுவதெல்லாம் கீழே ஊறிக் கிணற்றுக்குப் போகும், சந்தைக் கிணற்றின் அருகிலேயே குழி மலசலகூடமா, உடனே மூடுங்கள் என்று. பலர் மறித்து நின்று பாராட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலை வீங்கித்தான் இருந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சபைக்குப் போனேன், செயலாளரோடு சண்டை பிடிக்க. மனிதர் சண்டைக்கு வரவில்லை. கதிரையைக் காட்டினார்.

“இருங்கோ மாஸ்டர். இதை ஒருக்கால் வாசியுங்கோ.”

சுற்றுநிருபம். வாசித்தேன். முதற் பந்தி – கிணற்றுக்குக் கிட்ட உள்ள மலசலகூடத்தை உடனே மூட வேண்டும். இரண்டாம் பந்தி – தள்ளி, சீமெந்துத் தொட்டியோடு புதிதாக ஒன்று கட்ட வேண்டும். மூன்றாம் பந்தி ஒரே ஒரு வரி. செலவைச் சபை தன் சொந்த வருமானத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“சொந்த வருமானம் எண்டால்?”

“வீடுகளின்ரை சோலைவரி. அரைவாசி வீட்டிலை சொந்தக்காரர் இல்லை. இருக்கிற சனமும் இடம்பெயர்ந்து வந்து ஆரின்ரையோ வீட்டிலை ஒதுங்கி இருக்குது. ஆரிட்டைப் போய் வரி கேக்கிறது?”

“சீமெந்து?”

சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? யுத்தத்தைச் சொல்லி இங்கே கொண்டுவரக்கூடாத சாமான்களின் பட்டியலில் சீமெந்தும் இருக்கிறது. பட்டியல் போட்டதும் கொழும்பு, கட்டச் சொன்னதும் கொழும்பு.

“அப்ப முதற் பந்தியை மட்டும் ஏன் செய்தனீங்கள்?”

“அதுக்கு ஒரு பூட்டுத்தானே வேணும் மாஸ்டர்? அதையும் செய்யாமல் விட்டால் என்ரை வேலை போகும்.” பிறகு மெல்லச் சொன்னார். “பேப்பரிலை நீங்களும் எழுதிப்போட்டியள்...”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். உள்ளே சுற்றுநிருபக் கட்டு. தெருவிளக்குகள் ஒழுங்காக எரிய வேண்டுமாம், மின்சாரமே இல்லாத ஊரில்! கட்டாக்காலி நாய்களுக்கு ஊசி போட வேண்டும். கிணறுகளுக்குக் குளோரின் போட வேண்டும். ஊசியும் வரவில்லை, குளோரினும் வரவில்லை.

இவற்றில் எது பிழை? ஒன்றும் பிழையில்லை. அதுதான் வில்லங்கம். கெட்ட கட்டளை என்றால் எதிர்த்து நிற்கலாம். நல்ல கட்டளையை, கையில் ஒன்றும் தராமல், கீழே இருப்பவன் தலையில் கட்டிவிட்டால்? பாவம், முடிந்த பாதியை மட்டும் செய்வான். முடிந்த பாதி எப்போதும் மூடுகிற பாதியாகத்தான் இருக்கிறது.

சந்தைக்குத் திரும்பிவந்து, பூரணம் அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். சோலைவரி, சீமெந்து, மூன்று பந்தி... “ஓம், ஓம்” என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

“உங்கடை வீடு உந்த ஒழுங்கைக்குள்ளைதானே மாஸ்டர்?”

“ஓம்.”

“அங்கை கக்கூஸ் இருக்குதெல்லே?”

எங்கள் வீட்டுப் படலை சந்தையிலிருந்து நாலு வேலி தள்ளி. கக்கூசும் கிணற்றுக்கு வலு தூரத்தில். இரண்டு மாதமாக இது என் புத்தியில் தட்டவில்லை. அவர் கேட்ட பிறகாவது வாயில் நல்ல பதில் வந்ததா?

“வீட்டிலை கேட்டுச் சொல்லுறன்.”

அரசாங்கக் கச்சேரியே தோற்றது போங்கள்! அவர் முருங்கைக்காயைக் கட்டத் தொடங்கிவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். “இதுக்கு என்ன கேள்வி? எல்லாரையும் வரச் சொல்லுங்கோ” என்றார். மனம் குளிர்ந்து படலைவரை போயிருப்பேன்.

“இஞ்சருங்கோ... அத்தினை பேருக்கும் கக்கூஸ் தொட்டிக்குத் தண்ணி ஆர் அள்ளுறது? வாட்டர் பம்ப் போட மண்ணெண்ணெய் இல்லை. நானோ?”

நின்றுவிட்டேன். பெருந்தன்மை என்னுடையது, வாளியும் கயிறும் அவருடையது... என்னுடைய வீட்டுக்குள்ளேயே நான் ஒரு சுற்றுநிருபம் விட்டிருக்கிறேன்!

இப்போது பெண்கள் இரண்டு இரண்டு பேராக வந்து போகிறார்கள். தினமும் காலையில் நானே தண்ணீர் அள்ளுகிறேன். உள்ளங்கை கொப்பளித்துப் போய்விட்டது. பேனா பிடிக்கவே நோகிறது.

அந்தத் தொட்டி நிரம்ப இருபத்தாறு வாளி வேண்டும். முப்பது வருடமாக இந்த வீட்டில் இருக்கும் எனக்கு, இது இந்தக் கிழமைதான் தெரியவந்தது.