பின்விளக்கைப் பார்க்க ஓர் ஆள்

சியாமளாவுக்கு யாரிடமும் எதையும் கேட்கப் பிடிக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கட்கியில் ராணுவ அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா போய்ப் பதினோரு வருஷம், அம்மா போய் ஆறு. தம்பி ஹரீஷ் சென்னையில் குழந்தை குட்டிகளோடு இருக்கிறான். தீபாவளிக்கு ஃபோன் செய்வான். ஐம்பதை நெருங்கும் சியாமளா ஹடப்சரில் ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக இருந்துகொண்டு, விமான் நகரில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குத் தினமும் சைக்கிளில் போய்வருகிறாள். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஆறரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டும். டிசம்பரில் அந்த நேரம் கும்மிருட்டு.

சைக்கிளோடு வந்த பின்விளக்கு பட்டாணி அளவுதான். கூடுதலாக விளக்கு வாங்கப் போனவள், கடைக்காரரை இரண்டு ஞாயிற்றுக்கிழமை படுத்தி எடுத்துவிட்டாள். புடவைக் கடையில்கூட அவள் இத்தனை கேள்வி கேட்டதில்லை. சக்கரக் கம்பியில் மாட்டும் விளக்கு சர்க்கஸ் மாதிரி இருக்கிறது என்றாள். ஹெல்மெட்டில் மாட்டுவது கல்யாண ஊர்வலத்துக்குத்தான் ஆகும் என்றாள். கடைசியில் சீட்டுக்குக் கீழே மாட்டும் சிவப்பு விளக்குகள் இரண்டை வாங்கினாள். ஒன்று விடாமல் எரியும், ஒன்று மினுக்கும். வீட்டுக்கு வந்து சைக்கிளைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, இருநூறு அடி தள்ளிப் போய் நின்று பார்த்தாள். ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். வேறு யார் மெச்சப் போகிறார்கள்?

ஒரு மாதம் கழித்து, விடிவதற்கு முன்னால் முண்ட்வா பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு பால் டெம்போ கிறீச்சிட்டு அவளுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, லைட் இல்லாமல் ரோட்டுக்கு ஏன் வருகிறீர்கள் என்று மராட்டியில் கத்தினார். சியாமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுக்கு மூன்றாக எரிகிறது, உமக்குக் கண் இல்லையா என்று அவளும் மராட்டியிலேயே கத்திவிட்டு, சைக்கிளை விட்டு இறங்கிக் காட்டினாள். மூன்றும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. டிரைவர் விளக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போதுதான் போட்டிருப்பீர்கள் என்று முணுமுணுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

கராடி சிக்னலில் நின்றபோது ஏதோ தோன்றி, சீட்டை விட்டு எழாமலே கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். துணிதான் தட்டுப்பட்டது. உட்கார்ந்ததும் குர்த்தாவின் பின்பக்கம் வழிந்து, மூன்று விளக்குகளையும் மூடிக்கொண்டு தொங்கியது. இறங்கினால் துணி விலகிவிடும், விளக்கு தெரியும். குடத்திலிட்ட விளக்கு என்று அம்மா யாரையாவது சொல்வாள். குர்த்தாவுக்குள் இட்ட விளக்கோடு அவள் ஒரு மாதம் ஊர் சுற்றியிருக்கிறாள்.

டெம்போவை நினைத்துக்கொண்டேதான் அன்று முழுக்க ஊசி குத்தினாள். ஆனால் மனசில் குத்தியது வேறு. அவள் சைக்கிளில் ஏறிப் போகும்போது வாசலில் யாராவது ஒருத்தர் நின்றிருந்தால், முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

மறுபடியும் கடைக்குப் போனாள். இந்தத் தடவை கேள்வியே கேட்காமல், கேரியரின் நுனியில் மாட்ட ஒன்றும், கேலி செய்த அந்த ஹெல்மெட் விளக்கு ஒன்றும் வாங்கிக்கொண்டாள். இதையெல்லாம் ஆள் உட்கார்ந்து ஓட்டும்போதுதான் பார்க்க வேண்டும், வீட்டில் யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

வாட்ச்மேனைக் கேட்டாள். அவர் தலையைத் திருப்பாமலே, நன்றாகத் தெரிகிறது மேடம் என்று சொல்லிவிட்டார். மீதி இருந்தது எதிர் ஃபிளாட் தீப்தி. ஐடி வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண். எட்டு மாதத்தில் லிஃப்ட்டில் சிரித்துக்கொண்டதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வாசலில் மூன்று தடவை போய் நின்று, மூன்றாம் தடவைதான் சியாமளா மணியை அழுத்தினாள்.

"தீப்தி, ஒரு அஞ்சு நிமிஷம் கீழ வர முடியுமாம்மா? நான் சைக்கிள்ல போறேன். லைட் தெரியறதான்னு பின்னாடி நின்னு பார்த்துச் சொல்லணும்."

"அவ்வளவுதானுங்களா ஆன்ட்டி? வாங்க, போலாம்."

ஃபிளாட் சொசைட்டிக்குப் பின்னால் நேராகப் போகும் ரோடு இருட்டாகத்தான் இருந்தது. தெரிகிற வரைக்கும் தீப்தி குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. சியாமளா ஏறி மிதித்தாள்.

"தெரியுதுங்க ஆன்ட்டி!"

கொஞ்ச தூரம் போனாள்.

"இன்னும் தெரியுதுங்க!"

டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. திரும்ப வேண்டியதுதான். ஆனால் பின்னால் அந்தக் குரல் மெலிதாக, விடாமல், தெரியுது தெரியுது என்று வந்துகொண்டே இருந்தது. அவள் கால் நிற்கவில்லை. தான் போவதை ஒருத்தர் நின்று பார்த்து ஆறு வருஷம் ஆகிவிட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே தெருமுனை வரை மிதித்தாள். அங்கே இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சூப்பரா தெரியுதுங்க ஆன்ட்டி! அந்தக் கடைசி வரைக்கும் தெரிஞ்சுது. போதுங்களா?"

போதும்தான். அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

"எனக்கு என்னமோ சரியா இருக்கான்னு தெரியலைம்மா," என்றாள் சியாமளா. "இன்னொரு தரம் பார்த்துடறியா?"

"பார்த்தாப் போச்சு," என்று தீப்தி பழைய இடத்திலேயே நின்றுகொண்டாள். "நீங்க போயிட்டு வாங்க."